செப்பேடு யாருக்கு, கசடு யாருக்கு?



ஒரு தொழில் முடிந்துபோன பிறகு அந்த மண்ணில் என்ன மிஞ்சுகிறது? மிஞ்சியதில் எதை எடுத்துவைக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் சில வாரங்களாக இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்கள் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அல்லது சிமென்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி.

பேச்சைத் தொடங்கிவைத்தவர் சமூகவியல் முதுகலை படிக்கும் ஒரு தங்கை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சி என்ற ஊரில் பழைய செம்பு உருக்காலைகளின் எச்சங்களை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பது பற்றிக் கல்லூரிக்காக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். படித்துக் காட்டிவிட்டுக் கேட்டார்: "அங்க புகைபோக்கியையும் எஞ்சின் கொட்டகையையும் காப்பாத்தி வச்சிருக்காங்க. நாளைக்கு நம்ம ஊர் ஆலை மூடினா எதைக் காப்பாத்துவாங்க?" பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவன் சொன்னான்: "குழியத்தான்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுக் கடந்துபோகிற பதில் இல்லை. அதை ஒட்டி நாங்கள் படித்ததையும் பேசியதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஸ்வான்சி. செம்புத் தாதுவை உருக்க நிலக்கரி ஏராளமாகத் தேவைப்பட்ட காலம் அது. நிலக்கரியைத் தாது இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதைவிட, நிலக்கரி கிடைக்கும் இடத்துக்குத் தாதுவைக் கப்பலில் கொண்டுவருவது முதலாளிகளுக்கு மலிவாக இருந்தது. 1717இல் அங்கே முதல் உருக்காலை வந்தது. 1810இல் விவியன் குடும்பம் ஹாஃபோட் ஆலையைத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊருக்குக் 'காப்பரோபோலிஸ்' என்றே பெயர் வந்தது. செம்பு நகரம் என்று பொருள். 1980இல் ஹாஃபோட்-மோர்ஃபா ஆலை மூடப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பள்ளத்தாக்கு முழுக்கக் கசடு மலைகளும் புல் முளைக்காத நச்சு மண்ணும்தான் கிடந்தன. 1961இல் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கினார்கள். கசடை அகற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து மரம் நட்டார்கள். இன்று நகர நிர்வாகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மிஞ்சிய கட்டடங்களைப் புதுப்பித்துவருகின்றன.

நல்ல காரியம்தான். ஆனால் கட்டடத்தை மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் தெரியும். ஆலைப் புகை பயிரையும் மாட்டையும் அழிக்கிறது என்று 1830களில் அங்குள்ள விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அங்கே உருக்கிய தாது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வழி கியூபாவின் எல் கோப்ரே சுரங்கத்துக்குப் போகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. கியூபா ஸ்பெயினின் காலனி. அதனால் அங்கே சுரங்கம் நடத்திய பிரிட்டிஷ் கம்பெனி, சட்டம் வந்த பிறகும் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்தே தாது வெட்டியது. ஸ்வான்சியின் ஒயிட் ராக் ஆலையோ அதற்கு நூறு ஆண்டு முன்பே, மனிதர்களை விலைக்கு வாங்கப் பணமாகப் பயன்பட்ட 'மனில்லா' என்ற வளையங்களைச் செய்தது.

விவியன் என்ற பெயர் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. எல் கோப்ரேவில் வெட்டியவர்களின் பெயர் எந்தப் புகைபோக்கியிலும் இல்லை. அந்த உண்மையை வரலாற்று ஆய்வாளர்கள் கம்பெனிக் கணக்குகளைப் புரட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. புகைபோக்கி செங்கல்லால் ஆனது, தானாக நின்றுவிடும். உழைத்தவனின் பெயரை யாராவது தேடிப் போனால்தான் உண்டு.

ஸ்வான்சி தூரத்தில் இருக்கலாம். செம்பு நமக்குத் தூரமான உலோகம் அல்ல. எங்கள் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கரந்தைச் செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒன்றாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்குக் கொடுத்த ஆவணம் அது. கொடை பெற்றவர்களின் பெயர், கோத்திரம், சொந்த ஊர் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஓலை செல்லரிக்கும், இரும்பு துருப்பிடித்து உதிரும், செம்பு நிற்கும் என்று தெரிந்துதான் செம்பில் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயர்களை நாம் படிக்க முடிகிறது.

அதே காலத்தில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? அவர்களும் எழுத்தில் இருக்கிறார்கள், ஆனால் வேறு விதமாக. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கக் கூடாத நிலங்களைக் கழித்துக் காட்டும் பட்டியல் அதில் வருகிறது. ஊர் நத்தம், குளம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியல். குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு நில அளவாக நம் சேரி இருக்கிறது. அதில் வாழ்ந்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. உலோக வேலை தெரிந்த கம்மாளர்களும் அங்கே ஒரு சேரியாகத்தான் கணக்கில் வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தகட்டைத் தட்டியவன் சேரியில் இருந்தான், தகட்டில் பெயர் ஏறியவன் மங்கலத்தில் இருந்தான்.

எழுதுவதற்கு மட்டுமல்ல, தண்ணீர் மொள்வதற்கும் செம்பு நமக்கு மறுக்கப்பட்டது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது என்பவற்றோடு, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் குஜராத்தின் ஜானு என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறார். 1935 நவம்பரில் அங்கே ஓரளவு வசதியான தீண்டப்படாதார் குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அது தங்கள் கௌரவத்துக்கு இழுக்கு என்று சொல்லிச் சாதி இந்துக்கள் அந்தப் பெண்களை அடித்தார்கள். குடத்தின் விலை அவர்களுக்குப் பொருட்டல்ல. தலைமுறை தாண்டி நிற்கும் ஒரு பொருள் சேரி வீட்டில் இருப்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இதைப் படித்த வாரம், பிள்ளைகளை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் பாத்திரங்களைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னோம். ஓர் அம்மாயி சொன்னது: "எங்கம்மா வூட்டுல பித்தளக் குடம் ஒன்னு சீராக் குடுத்தாங்க. ஊர்த்தெரு வழியா வரப்ப அதக் கோணில சுத்தித்தான் எடுத்தாந்தோம். பளபளன்னு தெரிஞ்சா வம்பு." பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். அந்தக் குடம் இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. அடியில் இரண்டு இடத்தில் பற்றுவைத்திருக்கிறார். கோணியில் சுற்றிக் கொண்டுவந்த கதையை அவர் பேத்தி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள்.

ஆக, பட்டயமாகவும் குடமாகவும் செம்பு நமக்கு வரவில்லை. வேறு ஒரு வடிவத்தில் மட்டும் அது எளிய மக்களிடம் தாராளமாக வந்து சேர்ந்தது. அதற்குத் தூத்துக்குடியைப் பார்க்க வேண்டும்.

செம்பு உருக்குவது என்றால் என்ன நடக்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தாதுவில் செம்போடு கந்தகமும் இரும்பும் கலந்திருக்கும். உலையில் சூடேற்றும்போது கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் போகிறது. அதைப் பிடித்துக் கந்தக அமிலம் ஆக்கலாம். தவறினால் ஊர்க்காரர் மூச்சில் ஏறும். இரும்பு, மணலோடு சேர்ந்து கறுப்புக் கசடாக வெளியேறுகிறது. ஒரு டன் செம்பு எடுத்தால் இரண்டு டன்னுக்கும் மேலாகக் கசடு விழும். 'காப்பர் ஸ்லாக்' என்று சொல்வது இதைத்தான். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு. கசடு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆலை முதலில் மகாராஷ்டிராவின் ரத்னகிரிக்கு வருவதாக இருந்தது. அங்கே மக்கள் எதிர்த்ததால் தூத்துக்குடிக்கு வந்தது. 1994இல் அடிக்கல், 1996இல் உற்பத்தி. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி ஆலையை இயங்க அனுமதித்தது. 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் சேர்த்து 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

ஆலையை மூடச் சொன்ன காரணங்களில் ஒன்று இந்தக் கசடு. உப்பாறு ஓடையின் கரையிலும் தனியார் பட்டா நிலங்களிலும் அதைக் கொட்டிவைத்தது, தண்ணீர் ஓட்டத்துக்குத் தடையானது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன குற்றச்சாட்டு. நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. நம் தமிழ்நாட்டில் செம்பு உருக்கும் தொழில் விட்டுச்சென்ற எச்சம் என்று ஒரு மாணவர் கேட்டால் இதைத்தான் காட்ட முடியும்: ஓடைக் கரையில் கறுப்பு மணல் போன்ற கசடு, 13 பேரின் கல்லறையும் சுடுகாடும், அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை. ஆலை மூடியதில் வேலை போன ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையைச் சுவாசித்தவர்களும் அவர்களே, வேலை இழந்தவர்களும் அவர்களே. ஆலை வேண்டும், வேண்டாம் என்று இரண்டே கட்சியாகப் பேசும்போது இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செம்புக் கசடைச் சிமென்ட் தயாரிப்பிலும் இரும்புச் சத்துக்காகச் சேர்ப்பதுண்டு. கசடு கூட இன்னொரு தொழிலுக்குள் மறுவாழ்வு பெற்றுவிடுகிறது. தொழிலாளி?

இனி எங்கள் ஊர்க் கதை. ரெட்டிபாளையத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் கிடைப்பதற்குக் காரணம், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. சுரங்கத்தில் வெட்டும்போது சிப்பியும் நத்தை போன்ற அம்மோனைட்டும் கல்லாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறோம். எல்லோரும் பார்க்க வேண்டிய இடம். அங்கே ஒவ்வொரு சிப்பிக்கும் பெயரும் காலமும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டி எடுத்த மனிதர் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு கிடைப்பதில்லை.

இதை உவமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் காலனியில் ஒரு பெரியப்பா பதினெட்டு ஆண்டு சிமென்ட் மூட்டை ஏற்றும் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் ஒப்பந்ததாரர்கள் ஐந்து முறை மாறினார்கள். அவர் நின்ற இடம் மாறவில்லை, தூக்கிய மூட்டை மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் அவர் புது ஆள். இப்போது நாலு எட்டு நடந்தால் மூச்சிரைக்கிறது. வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் ஓய்வூதியம் கேட்கப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். கணக்கைப் பார்த்தால் நான்கு ஆண்டுக்குத்தான் சந்தா ஏறியிருக்கிறது. மீதி ஆண்டுகளுக்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஆதாரம் என்று அவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியது இவ்வளவுதான்: ஒரு மஞ்சள் ஹெல்மெட், எழுத்து மங்கிப்போன மூன்று கேட் பாஸ், தீபாவளிக்குக் கொடுத்த ஓர் எவர்சில்வர் டப்பா. டப்பாவின் மூடியில் ஒப்பந்ததாரர் பெயரும் ஆண்டும் பொறித்திருந்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம்தானே. "இதெல்லாம் எதுக்குப்பா, ஒடசல்" என்று பெரியம்மா பழைய பாத்திரக்காரரிடம் போடப் பார்த்திருக்கிறார். அந்த மூடியை வைத்துத்தான் எந்த ஆண்டில் எந்த ஒப்பந்ததாரர் என்று கண்டுபிடித்தோம். அவரிடம் வேலை பார்த்த மற்ற இருவரைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினோம். மனு போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் வெறுங்கையோடு போன மனிதர் இப்போது தேதியோடு பேசுகிறார்.

இது அவர் விதி இல்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருந்த காலத்திலேயே, வேலைக்குச் சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒப்பந்ததாரர் வேலை அட்டை தர வேண்டும், வேலையை விட்டு நிற்கும்போது பணிச் சான்று தர வேண்டும் என்று மத்திய விதிகள் சொல்லின. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. காலனியில் நாங்கள் போன வீடுகளில் அப்படி ஓர் அட்டையைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பெயர் எழுதாமல் விடுவது ராஜராஜன் காலத்தோடு நிற்கவில்லை. ஆதாரம் இல்லாதவனுக்கு உரிமையும் இல்லை என்று சொல்லிவிடலாம், அதுதான் இதன் லாபம்.

வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி இதற்கு மறுப்பும் சொன்னான். "அண்ணா, அப்பா மூட்ட தூக்குனத எடுத்து வச்சி என்ன பெருமை? நாங்க அதுலேருந்து வெளிய வரத்தானே படிக்கிறோம்?" நியாயமான கேள்வி. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிநிலையில் பிரித்துவைத்திருக்கிறது என்றார் அம்பேத்கர். நம் மீது ஏற்றப்பட்ட வேலையைப் பாரம்பரியம் என்று பூசி மெழுகினால், அது ஆதிக்க சாதிக்குத்தான் வசதி. எங்கள் பதில் இதுதான்: பெருமைக்காக எடுத்துவைக்கச் சொல்லவில்லை, சாட்சிக்காக எடுத்துவைக்கச் சொல்கிறோம். மூட்டை தூக்கியது அப்பாவின் குற்றமல்ல. தூக்கியதற்குக் கணக்கு எழுதாதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். நீ படித்து வெளியே வந்த பிறகு அந்தக் கணக்கைக் கேட்க உன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் எங்கள் படிப்பகத்தில் ஒரு டிரங்குப் பெட்டி வைத்திருக்கிறோம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதைச் செய்யலாம். செலவு அதிகமில்லை.

வீட்டுப் பரணில் கிடக்கும் கேட் பாஸ், கூலிச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, வைப்பு நிதி எண், ஆலை வாசலில் எடுத்த குரூப் போட்டோ, பெயர் பொறித்த பாத்திரம் எதையும் எடைக்குப் போட விடாதீர்கள். அசலை அவர்களிடமே விட்டுவிட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். அசல் அவர்கள் சொத்து. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், எந்த ஒப்பந்ததாரர், கூட வேலை செய்தவர் யார், நாள் கூலி எவ்வளவு, யாருக்கு அடிபட்டது, யார் இறந்தார், அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? ஆண்டு நினைவில்லை என்பார்கள். "பெரியவன் பொறந்த வருசமா, தானே புயலுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்டால் வந்துவிடும். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். இப்போதும் வேலையில் இருப்பவர் என்றால், அவர் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள், வேலைக்கு ஆபத்து. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கல் பொறுக்கியதும் தூசு கூட்டியதும் அவர்கள்தான். 'வீட்டு வேலை' என்று சொல்லி அவர்கள் கணக்கை ஆண்களே அழித்துவிடுவார்கள்.

சுரங்கக் குழிகளையும் விடாதீர்கள். அந்த இடம் முன்பு யார் நிலம், மேய்ச்சலா, புறம்போக்கா, பஞ்சமி நிலமா, என்ன விலைக்குப் போனது, சர்வே எண் என்ன என்று எழுதிவையுங்கள். இன்று அதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

நூறு ஆண்டு கழித்து அரியலூரின் சிமென்ட் காலத்தைப் பற்றி யாரோ ஒரு புத்தகம் எழுதத்தான் போகிறார்கள். நிறுவனங்களிடம் ஆண்டறிக்கை இருக்கும், திறப்புவிழாப் படம் இருக்கும், கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கும். அந்தப் புத்தகத்தில் நம் காலனி மறுபடியும் குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு நில அளவாக வருமா, பெயர் பெயராக வருமா என்பது இப்போது நாம் செய்யும் வேலையில் இருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டில் உழைத்த ஒருவரின் முழுப் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள்.